ஓஷிலிருந்து கோரோக் வரை: கேமராப் பையும் டாலர் நோட்டும்

நொய்யல் | கோயம்புத்தூர்

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஆகஸ்டில், மத்திய ஆசியாவில் கிர்கிஸ்தானிலிருந்து தஜிகிஸ்தானுக்குப் போகும் பாமிர் நெடுஞ்சாலையில் போவதாக இருக்கிறேன். டெல்லியிலிருந்து உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டுக்கு விமானம். அங்கிருந்து ரயிலில் ஆண்டிஜான், அப்புறம் உஸ்பெக் – கிர்கிஸ் எல்லையில் இருக்கும் டோஸ்துக் சாவடியைத் தாண்டித் தரைவழியாக ஓஷ். ஓஷில் இன்னும் மூன்று பேர் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். நான்கு பேருமாக ஒரு ஜீப்பை வாடகைக்குப் பிடித்து சாரி-தாஷ், கிசில்-ஆர்ட் கணவாய், காராகுல், முர்காப், கோரோக், கடைசியில் துஷான்பே. மொத்தம் 16 நாள்.

என்னிடம் இருப்பவை இரண்டு கேமரா பாடி, மூன்று லென்ஸ், ஒரு சின்ன ட்ரோன், லேப்டாப், இரண்டு ஹார்ட் டிஸ்க். ஆறு வருடம் கல்யாண வீடுகளில் விடிய விடிய நின்று சம்பாதித்து வாங்கியவை. ஒரு பாடிக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். ரொக்கமாக 2,800 டாலர் கொண்டுபோக நினைக்கிறேன், மலையில் கார்டு எடுபடாது என்கிறார்கள்.

எனக்குப் பயம் சாலையைப் பற்றியோ உயரத்தைப் பற்றியோ இல்லை. எங்கோ ஒரு தகரக் கொட்டகையில் ஒருவர் என் பையைக் கவிழ்த்து, "இதெல்லாம் யாருடையது, எதற்கு?" என்று கேட்டால் என்ன சொல்வது? பணத்தைக் காட்டலாமா, மறைக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சிராங்கூன்வாசி | சிங்கப்பூர்

தங்கை, நான் 2019 ஜூலையில் இதே பாதையில் கோரோக் வரை போனேன்.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓஷில் ஏடிஎம் நிறைய உண்டு. ஓஷை விட்டுக் கிளம்பினால் கோரோக் வரும்வரை எனக்கு ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை. முர்காப்தான் அந்த வட்டாரத்துக்குப் பெரிய ஊர். அதன் சந்தையே பழைய கப்பல் கொள்கலன்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, அவற்றில் கதவு வெட்டி வைத்த கடைகள்தான். அங்கே நூறு டாலர் நோட்டை நீட்டினேன். கடைக்கார அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, சில்லறை இல்லை என்று கையை விரித்தார். அவருடைய பையன் நோட்டை எடுத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கி அரைமணி நேரம் கழித்து வந்தான். அதனால் பாதிப் பணத்தையாவது 20, 10, 5 டாலர் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தங்க, இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து அப்போது ஆளுக்கு 15 டாலர் கொடுத்தோம்.

நோட்டு புதிதாக இருக்க வேண்டும். நூறு டாலர் என்றால் 2013 அக்டோபரில் வந்த நீலப் பட்டை நோட்டாகவே வாங்குங்கள். மடிப்பில் கிழிந்தது, பேனாவால் எண் எழுதியது, ஸ்டேப்ளர் ஓட்டை விழுந்தது எதையும் வாங்கமாட்டார்கள். என்னிடம் இருந்த ஒரு ஐம்பது டாலர் மூலையில் நகக்கண் அளவு கிழிந்திருந்தது. அது என்னோடு பாமிர் முழுக்கச் சுற்றிவிட்டு அப்படியே சிங்கப்பூர் திரும்பி வந்தது.

ஓஷில் ஜெய்மா சந்தையை ஒட்டிப் பணம் மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 70 கிர்கிஸ் சோம் கிடைத்தது. அங்கேயே கொஞ்சம் தஜிக் சோமோனியும் வாங்கிக்கொண்டேன், டாலருக்கு ஒன்பது சொச்சம். காராகுலில் ரொட்டி வாங்க அதுதான் உதவியது.

இனி எல்லை. சாரி-தாஷிலேயே 3,000 மீட்டரைத் தாண்டிவிடுவீர்கள். கிர்கிஸ் பக்கத்துச் சாவடி போர்-தோபோவில் இருக்கிறது. அதை முடித்த பிறகு சுமார் 20 கிலோமீட்டர் இரண்டு நாட்டுச் சாவடிக்கும் நடுவில் வெறும் மலைச்சாலைதான். மேலே கிசில்-ஆர்ட், 4,280 மீட்டர். மார்கோ போலோ ஆட்டின் சிலை ஒன்று கொம்பை முறுக்கிக்கொண்டு நிற்கும். தஜிக் சாவடியில் குடிநுழைவுக்கு ஓர் அறை, சுங்கத்துக்கு ஓர் அறை, போதைப்பொருள் சோதனைக்கு ஓர் அறை. ஒவ்வொன்றிலும் ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தில் நம் கடப்பிதழ் விவரத்தைக் கையால் எழுதிக்கொண்டார்கள். விசாவோடு, பாமிர் இருக்கும் தஜிக் மாகாணமான கோர்னோ-பதக்‌ஷான் வட்டார அனுமதியும் வேண்டும். கடப்பிதழ், விசா, அனுமதி மூன்றுக்கும் பத்துப் பத்துப் படிகள் எடுத்துப் போங்கள். உள்ளே சாலையில் வரும் சோதனைச் சாவடிகளில் ஒரு படியைக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

கேமராவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன், உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன்.

காராகுலில் நாங்கள் தங்கிய வீட்டில் ஒரு பாட்டி, மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள். ஏரிக்கரையில் அவர்களை நிறுத்திப் படம் எடுத்தேன். அச்சுப் போட்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் கோவிட், அதற்கப்புறம் 2021-இல் கிர்கிஸ் – தஜிக் எல்லையில் சண்டை, வழியே அடைத்துவிட்டார்கள். அது இன்னும் மனதில் கிடக்கிறது.

முத்துநகர் | தூத்துக்குடி

அம்மா நொய்யல், நான் 22 வருடம் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். சுங்கம் எனக்குத் தெரிந்த சங்கதி. எல்லோரும் வெளிநாட்டுச் சாவடியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்தில் நிற்பதை யாரும் யோசிப்பதில்லை.

நீங்கள் கொண்டுபோகும் கேமராவும் லென்ஸும் இங்கிருந்தே போனவை என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும். அதற்குத்தான் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட். புறப்படும் அன்று விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் பொருளை நேரில் காட்ட வேண்டும். அவர் பொருளின் சீரியல் நம்பரையும் பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதி, முத்திரை வைத்துக் கொடுப்பார். பெட்டியை செக்-இன் செய்த பிறகு போய் நின்றால் காட்டப் பொருள் இருக்காது. ஆகவே இரண்டு மணி நேரம் முன்னதாகவே போங்கள். பழைய சாதனத்துக்குப் பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். உங்களுடையது புதிது, விலை கூடியது, இரண்டு பாடி வேறு. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோன் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2022 பிப்ரவரி 9-ஆம் தேதியிலிருந்து வெளிநாட்டு ட்ரோனை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. நீங்கள் கொண்டுபோனதையே திருப்பிக் கொண்டுவந்தாலும், அது இங்கிருந்து போனதுதான் என்று காகிதம் இல்லாமல் நிரூபிப்பது பெரும்பாடு.

மலைக்குப் போகிறோமே என்று சாட்டிலைட் மெசேஜ் கருவி எதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். உரிமம் இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். விமான நிலைய ஸ்கேனரில் அகப்பட்டுப் போலீஸ் வழக்கு வரை போன வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.

பணம். பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாக வாங்கலாம். ஈரான், ரஷ்யா, சி.ஐ.எஸ். (முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகளுக்குப் போகிறவர்கள் மட்டும் முழுத்தொகையையும் நோட்டாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது. நீங்கள் போகும் மூன்று நாடுகளும் அந்தக் கணக்கில் வரும். 2,800 எப்படிப் பார்த்தாலும் வரம்புக்குள்தான். முறையான பணமாற்று நிறுவனத்தில் வாங்கி, ரசீதை பாஸ்போர்ட்டோடு வையுங்கள். திரும்பும்போது நோட்டாக 5,000 டாலருக்கு மேல் இருந்தால்தான் இங்கே அறிவிக்க வேண்டும்.

கரிசல்காடு | விருதுநகர்

நான் வேறு மாதிரி சொல்வேன். பத்து நாட்டுக்கு மேல் தரைவழியாகப் போயிருக்கிறேன், எங்கேயும் எதையும் நானாக அறிவித்ததில்லை. கேட்டால் பதில் சொல், கேட்காவிட்டால் பேசாதே. டாலரை ஐந்து இடமாகப் பிரித்து ஷூ அட்டைக்குக் கீழே, பெல்ட்டுக்குள், மருந்து டப்பாவுக்குள் வைத்துவிடுவேன். எண்ணிக் காட்டினால் எவ்வளவு இருக்கிறது என்று அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த வளைவில் வண்டியை மறித்தால் என்ன செய்வீர்கள்? கேமராவின் பிராண்ட் பெயர் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். பழைய பையில் போடுங்கள். அவ்வளவுதான்.

தீவகன் | டொரோண்டோ

கரிசல்காடு சொல்வதில் ஷூ அட்டைப் பகுதி மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று சொல்லுகிறேன்.

2016-இல் நானும் மனைவியும் உஸ்பெகிஸ்தானுக்குள் தரைவழியாகப் போனோம். அந்தக் காலத்தில் அறிவிப்புப் படிவம் இரண்டு பிரதி நிரப்ப வேண்டும். எத்தனை டாலர், எத்தனை யூரோ, கேமரா, கணினி, தொலைபேசி எல்லாம் எழுத வேண்டும். ஒரு பிரதியை அவர்கள் எடுத்துக்கொண்டு மற்றதில் முத்திரை குத்தி எங்களிடம் தந்தார்கள். வெளியே போகும்போது அதை வைத்துச் சரிபார்ப்பார்கள். உள்ளே கொண்டுவந்ததைவிடக் கூடுதலான காசோடு வெளியே போக முடியாது. டாலருக்கு வங்கியில் ஒரு விலை, சந்தையில் அதன் இரு மடங்குக்குக் கிட்ட ஒரு விலை. நூறு டாலரைச் சந்தையில் மாற்றினால் ஆயிரம் உஸ்பெக் சோம் நோட்டாகக் கட்டுக் கட்டாகப் பையில் போட்டுத் தருவார்கள். அதனால்தான் அவ்வளவு கெடுபிடி.

நான் கெட்டித்தனம் என்று நினைத்து 300 டாலரை ஒரு பயணப் புத்தகத்தின் அட்டை உறைக்குள் வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் படிவத்தில் எழுதினேன். பிறகு நானே மறந்துபோனேன். வெளியே போகும் சாவடியில் (எது என்பது வேண்டாம்) ஓர் இளம் அதிகாரி மனைவியின் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துச் சும்மா படம் பார்க்கப் புரட்டினார். உறை கழன்று மூன்று நோட்டும் மேசையில் விழுந்தன. அந்தப் பெடியனுக்கும் முகம் மாறிவிட்டது, எனக்கும் மாறிவிட்டது. அதுவரை சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்த மனுசர். பிறகு மேலதிகாரி வந்தார், பெட்டி முழுக்கக் கொட்டினார்கள், மனைவியின் உடுப்பையெல்லாம் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். நான்கு மணித்தியாலம். காசு போய்விட்டது. காசு போனதைவிட, மனைவி ஒரு மூலையில் நின்றுகொண்டு அந்த உடுப்புகளை மடித்து மடித்து வைத்ததுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. பிழை முழுக்க என்னுடையது.

2017 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் வங்கி விலையை டாலருக்கு 4,200 சோமிலிருந்து 8,100-க்கு மாற்றினார்கள். அதோடு அந்தக் கறுப்புச் சந்தை படுத்துவிட்டது. இப்போது அந்தப் படிவக் கரைச்சல் பழைய அளவுக்கு இல்லை. ஆனால் ஒளித்த காசு வெளியே வந்தால் அந்த அறையில் என்ன நடக்கும் என்பது மாறவில்லை.

கரிசல்காடு | விருதுநகர்

தீவகன், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் சொன்னது திருடனை மனதில் வைத்து. படிவத்தில் பொய் எழுதச் சொல்லவில்லை. படிவம் கொடுத்தால் உள்ளதை எழுதத்தான் வேண்டும், அதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் வண்டியில் போகும்போது ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதில் மாறமாட்டேன். லாவோஸில் ஒரு இரவுப் பேருந்தில் கூட வந்தவருக்கு மொத்தப் பணமும் ஒரே பையில் இருந்து போனது. காலையில் டீ குடிக்கக்கூட அவரிடம் காசு இல்லை.

முத்துநகர் | தூத்துக்குடி

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லையே தம்பி. பிரித்து வைக்கலாம். ஆனால் எங்கெங்கே எவ்வளவு என்று எழுதி வைத்திருக்க வேண்டும், கேட்டால் ஒரே நிமிடத்தில் எடுத்துக் காட்டும்படி வைத்திருக்க வேண்டும். சாவடி வருவதற்குப் பத்து கிலோமீட்டர் முன்னாலேயே ஷூவுக்குள் இருப்பதை எடுத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். தாண்டி ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பிரித்துக்கொள்ளலாம். அதிகாரியின் கண்ணில் 2,800 டாலர் ஒரு பயணியின் செலவுப் பணம்தான். அதையே ஷூவுக்குள்ளிருந்து எடுத்தால் கடத்தல் பணம்.

கிர்கிஸ்தான் 2015-இலிருந்து ரஷ்யா, கஜகஸ்தான் இருக்கும் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் உறுப்பினர். அந்த ஒன்றியத்தின் விதிப்படி 10,000 டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கம் இருந்தால்தான் எழுத்தில் அறிவிக்க வேண்டும். உஸ்பெகிஸ்தானும் தஜிகிஸ்தானும் அந்த ஒன்றியத்தில் இல்லை, அவற்றுக்குத் தனித்தனி வரம்பு. புறப்படுகிற வாரத்தில் அந்தந்த நாட்டுச் சுங்கத் தளத்திலேயே பார்த்து அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல் | கோயம்புத்தூர்

தீவகன் அண்ணா, இதை எழுத உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. நன்றி.

ஒரு சந்தேகம், பெண்களிடம் கேட்கிறேன். இடுப்பில் கட்டும் பணப்பை போட்டால் சாவடியில் தடவிப் பார்ப்பார்களா? அந்த மாதிரி இடத்தில் பெண் அதிகாரி இருப்பாரா?

மலைத்தேன் | கொடைக்கானல்

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் போன சின்னச் சாவடிகளில் பெரும்பாலும் ஆண்கள்தான். உடல் சோதனை என்று யாராவது சொன்னால் "பெண் அதிகாரி" என்று மட்டும் நிதானமாகச் சொல்லிவிட்டு நின்றுகொள்ளுங்கள். ரஷ்ய மொழியில் பெண்ணுக்கு "ஜென்ஷினா". அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள், போதும். எனக்கு ஒரே ஒரு முறை தேவைப்பட்டது. இருபது நிமிடம் காக்க வைத்தார்கள், சமையலறையிலிருந்து ஒரு அம்மா ஏப்ரனோடு வந்தார், என் தோளைத் தொட்டுவிட்டு "சரி" என்று சைகை காட்டிவிட்டுப் போனார்.

கடையில் விற்கும் இடுப்புப் பை வேண்டாம். டி-ஷர்ட்டுக்கு அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். என் ஆச்சி சேலை இடுப்பில் சொருகிக்கொள்ளும் சுருக்குப்பை இருக்கிறதே, அதே மாதிரி பருத்தித் துணியில் தைத்து, சல்வாரின் உள்பக்கம் ஒரு பாக்கெட் போல மூன்று பக்கமும் தைத்துக்கொண்டேன். பாஸ்போர்ட்டும் ஆயிரம் டாலரும் அதற்குள். மேலே ஒரு பட்டன். தூங்கும்போதும் உடம்பிலேயே இருக்கும். நோட்டை ஜிப் கவரில் போட்டு வையுங்கள், வியர்வையில் நோட்டு நைந்தால் அங்கே செல்லாது. மிச்சப் பணத்தில் பாதி கேமராப் பையின் அடிப் பட்டைக்குள், பாதி துணிப்பையில்.

செலவுக்கு ஒரு சின்னப் பர்ஸ் தனியாக. அன்றைக்கு வேண்டியது மட்டும் அதில். கடையில் பர்ஸைத் திறந்தால் நாலைந்து நோட்டுக்கு மேல் யார் கண்ணிலும் படக் கூடாது.

ஒளிவாசல் | சென்னை

கேமரா போனால் இன்னொன்று வாங்கலாம், படம் போனால் போனதுதான். அதைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

எல்லைச் சாவடி, ராணுவ வண்டி, சீருடையில் இருப்பவர், பாலம், சுரங்கப்பாதை, ஆன்டெனா எதையும் எடுக்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோரோக்கிலிருந்து துஷான்பே போகும் பாதை வெகுதூரத்துக்குப் பாஞ்ச் ஆற்றை ஒட்டியே போகும். ஆற்றுக்கு அந்தக் கரை ஆப்கானிஸ்தான். மண் வீடு, கழுதை மேல் வைக்கோல், கரையில் துணி துவைக்கும் பெண்கள் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், கை துறுதுறு என்று இருக்கும். ஆனால் இந்தக் கரையில் தஜிக் வீரர்கள் மூன்று நான்கு பேராகத் துப்பாக்கியோடு நடந்தே ரோந்து போவார்கள். அவர்கள் ஃப்ரேமில் வந்துவிட்டால் சிக்கல்.

எனக்கு நடந்தது அதைவிடச் சின்ன விஷயம். அந்த வட்டாரத்தில் ஒரு சாலைச் சோதனைச் சாவடியில் ஒருவர் கேமராவை வாங்கிப் பின்பக்கத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குளிரில் அவர் கட்டைவிரல் நகத்தை ஒட்டி வெடித்திருந்தது, பட்டனை அழுத்தும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். யாக் மாட்டுக் கூட்டம் ஒன்றை எடுத்திருந்தேன். அதில் நின்றார். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மாடுகளுக்குப் பின்னால், மலை விளிம்பில், குச்சி மாதிரி ஒரு கோபுரம். எடுக்கும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை. விளக்கம் எதையும் கேட்கவில்லை. அழிக்கச் சொன்னார். அழித்தேன். அப்புறம் அவருக்குச் சந்தேகம் வந்து கார்டையே ஃபார்மட் செய்யச் சொன்னார். மூன்று நாள் வேலை அதில் இருந்தது.

சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. செய்துவிட்டு, வண்டியில் ஏறியதும் கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். மறுபடி அதில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஃபார்மட் செய்தாலும் புதிதாக ஒன்றும் எழுதாதவரை பழைய தரவு பெரும்பாலும் கார்டிலேயே கிடக்கும். ஊருக்கு வந்து மீட்பு மென்பொருள் ஓட்டியதில் பத்தில் எட்டுப் பங்கு வந்துவிட்டது. கோபுரம் இருந்த படத்தைத் திரும்ப அழித்துவிட்டேன், அது எனக்கு வேண்டாம்.

அதனால் நொய்யல், உங்கள் பாடியில் இரண்டு கார்டு போட இடம் இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வையுங்கள். 256 ஜிபி ஒன்றுக்குப் பதில் 64 ஜிபி நான்கு. தினமும் இரவில் இரண்டு டிஸ்கிலும் ஏற்றிவிட்டு, ஒரு டிஸ்கை உங்களோடு வரும் வேறொருவர் பையில் கொடுத்துவிடுங்கள். சாவடிக்குள் போகும்போது கேமராவில் புது கார்டு, அதில் நாலு மலைப்படம் மட்டும். இது ஏமாற்று வேலை இல்லை. பிறகு கேட்டால் மற்ற கார்டுகளையும் காட்டத்தான் வேண்டும். ஆனால் முதல் கோபத்தில் போவது உங்கள் பத்து நாள் உழைப்பாக இருக்கக் கூடாது.

சிராங்கூன்வாசி | சிங்கப்பூர்

இதைப் படித்ததும் ஞாபகம் வருகிறது. காராகுலிலிருந்து முர்காப் போகும் வழியில் சாலைக்கு இடப்புறம் முள்வேலி ஒன்று கிலோமீட்டர் கணக்கில் கூடவே வரும். சீன எல்லை வேலி. அதைப் படம் எடுக்கலாமா என்று ஓட்டுநரிடம் கேட்டேன், அவர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். எடுக்கவில்லை. ஓட்டுநரைக் கேட்டு எடுப்பது நல்ல பழக்கம். மாட்டினால் அவருக்கும்தான் தொல்லை, அவர் அடுத்த வாரமும் அதே சாவடியில் நிற்க வேண்டியவர்.

அதே வழியில் வரும் அக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர். அங்கே பேட்டரி பாதி நேரம்கூட நிற்காது. இரவில் பேட்டரிகளைத் தூங்கும் பைக்குள் கால்மாட்டில் போட்டுக்கொண்டு படுத்தேன். தூசி அதைவிட மோசம், லென்ஸை வெளியில் மாற்றவே மாற்றாதீர்கள்.

மலைத்தேன் | கொடைக்கானல்

மருந்துப் பையையும் ஒரு தடவை பாருங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், தூக்க மாத்திரை எதுவும் உஸ்பெகிஸ்தானில் விளையாட்டில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஒன்றையும் எடுத்துப் போகாதீர்கள்.

தீவகன் | டொரோண்டோ

ட்ரோனும் அதே கதைதான் தங்கச்சி. முன் அனுமதி இல்லாமல் உஸ்பெகிஸ்தானுக்குள் கொண்டுபோனால் பறிமுதல் மட்டும் இல்லை, குற்றவியல் வழக்கே வரலாம். நீங்கள் தாஷ்கண்டில் இறங்கித் தரைவழியாகக் கிளம்புகிறீர்கள். உங்கள் முதல் சாவடியே அதுதான்.

நொய்யல் | கோயம்புத்தூர்

இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்ன பிறகு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும். காராகுலை மேலேயிருந்து எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், பரவாயில்லை.

முத்துநகர் ஐயா, சாவடியில் காட்ட என் சாமான் பட்டியலை ரஷ்ய மொழியிலும் போட்டு வைத்தால் நல்லதா?

முத்துநகர் | தூத்துக்குடி

மிக நல்லது. ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். பொருள், மாடல், சீரியல் நம்பர், வாங்கிய வருடம். கீழே "சொந்த உபயோகத்துக்கு, திரும்பக் கொண்டுபோகப்படும்" என்று ஒரு வரி. கையெழுத்து. படப்பிடிப்புக் குழுக்கள் சாமானைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோக கார்னெட் என்று ஒரு சுங்க ஆவணம் எடுப்பார்கள், இந்தியாவில் அதைத் தொழில் வணிகக் கூட்டமைப்பான ஃபிக்கி வழங்குகிறது. உங்களுக்கு அது தேவைப்படாது. கேட்டால் சுற்றுலாப் பயணி என்று சொல்லுங்கள், அதுதானே உண்மை. தொழில் என்ன என்று கேட்டால் கல்யாண போட்டோகிராபர் என்றே சொல்லுங்கள். பத்திரிகை என்ற சொல் வாயில் வரவே வேண்டாம்.

பட்டியலில் இருப்பது பையில் இருக்க வேண்டும், பையில் இருப்பது பட்டியலில் இருக்க வேண்டும். வழியில் ஒரு ஃபில்டர் வாங்கினாலும் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

சிராங்கூன்வாசி | சிங்கப்பூர்

இன்னும் ஒன்று. ஆன்லைன் விசா எல்லாச் சாவடியிலும் செல்லாது. எந்தெந்த நுழைவிடத்தில் செல்லும் என்று கிர்கிஸ் விசாத் தளத்தில் பட்டியல் இருக்கும். டோஸ்துக் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 2021-இல் அடைத்த கிர்கிஸ் – தஜிக் எல்லை விவகாரம் 2025 மார்ச் 13-ஆம் தேதி இரண்டு அதிபர்களும் பிஷ்கெக்கில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தது. கிசில்-ஆர்ட் நீங்கள் போகும் வாரத்தில் எப்படி இருக்கிறது, தனி அனுமதி ஏதும் கேட்கிறார்களா என்று ஓஷில் ஜீப் ஏற்பாடு செய்பவரிடம் எழுத்தில் வாங்கிவிட்டு முன்பணம் கொடுங்கள்.

நொய்யல் | கோயம்புத்தூர்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். டோஸ்துக் பட்டியலில் இருக்கிறது. ஜீப்காரரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும்தான் முன்பணம். டாலர் வாங்கிவிட்டேன். கவுண்டரில் பாதி நோட்டு நைந்ததாகக் கொடுத்தார்கள், நின்று வாதாடி மாற்றினேன். ஸ்டேப்ளர் அடிக்கப் போனவர் கையையும் பிடித்து நிறுத்தினேன். ஐந்து டாலர் நோட்டு இருபதுதான் கிடைத்தது, மீதி பத்தும் இருபதுமாக. அம்மாவின் பழைய பாவாடைத் துணியில் பை தைத்தாயிற்று. ரஷ்யப் பட்டியல் தெரிந்த ஒருவர் சரிபார்த்துக் கொடுத்தார், மொத்தம் 19 வரி.

சிராங்கூன்வாசி | சிங்கப்பூர்

தங்கை, ஒரு உதவி கேட்கலாமா? கேட்கத் தயங்கித்தான் இத்தனை நாள் இருந்தேன். அந்தக் காராகுல் வீட்டுப் படங்கள் ஐந்தை நேற்று அச்சுப் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், நீலக் கதவு. கதவு நிறம் மாறியிருந்தாலும் பாட்டியின் படத்தைக் காட்டினால் ஊரில் யாரும் வழி சொல்வார்கள். பெரிய பையன் அப்போது ஏழு வயது. கோவைக்குக் கூரியரில் அனுப்பினால் எடுத்துப் போக முடியுமா?

நொய்யல் | கோயம்புத்தூர்

கண்டிப்பாக அண்ணா. முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். நடுவில் அட்டை வைத்து அனுப்புங்கள், மடியக் கூடாது. பட்டியலில் இருபதாவது வரியாக எழுதிக்கொள்கிறேன்: அச்சிட்ட புகைப்படம், ஐந்து, காராகுலில் கொடுக்க.